செத்தவர் வரும் வாசம்

அத்தியாயம் ஆறு

நேற்றும் அந்த வாசம் வந்ததாகச் சாந்தாமணி சொன்னாள். நரசிம்மலு உடனே ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் அதை உள்ளே கொஞ்சநேரம் ஊறப்போடுவது அவருடைய வழக்கம். துப்பறிகிறவர் என்று கோயமுத்தூரில் நாலு பேருக்குத் தெரிந்த மனிதர். ஆனாலும் பேசிய நேரத்தைவிடப் பேசாமல் இருந்த நேரத்தில்தான் அவர் வழக்குகளை முடித்திருக்கிறார்.

அவருடைய உதவியாளன் அக்பர் அலிக்கு அந்த மௌனம் செருப்பில் மாட்டிய கல்லைப் போல.

"என்ன வாசமுங்க அது? பூ வாசமா, பொகை வாசமா?" என்றான்.

"புளிச்ச வாசமுங்க. பழம் கனிஞ்சு கெடப்போற மாதிரி. அதுல ஒரு இனிப்பும் இருக்கும். மைசூருப் பக்கம் போயிட்டு வந்தார்னா, அவரு காரு கேட்டுக்குள்ள நுழையறப்பவே அந்த வாசம் வந்துருமுங்க. சமையக்கட்டுல இருந்தே எனக்குத் தெரியும், வந்துட்டாருன்னு."

ஆர்.எஸ்.புரத்து வீட்டின் கூடம் அது. வெளியே கார்த்திகைத் தூறல். நாற்காலியின் முதுகில் ஒரு ஈரிழைத் துண்டு தொங்கியது. காரில் போகும்போது அப்புசாமிக் கவுண்டர் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் துண்டு. அதை யாரும் எடுத்து மடிக்கவில்லை. அந்த நாற்காலியில் யாரும் உட்காரவும் இல்லை.

அப்புசாமிக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் பவுண்டரி. தண்ணீர் இறைக்கும் மோட்டார் பம்புகள் வார்க்கிற தொழில். தம்பி பாலுசாமியும் அதில் கூட்டு. மாதம் ஒருமுறை அண்ணன் மைசூர் ராஜ்யத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பம்புக்கு ஆர்டர் பிடித்து வருவார். இரண்டு வாரத்துக்கு முன் அப்படிப் போனவர் திரும்பும் வழியில் திம்பம் மலைப்பாதை வளைவிலிருந்து காரோடு பள்ளத்தில் விழுந்து கிடந்தார். அசதியில் கண்ணயர்ந்திருப்பார் என்று போலீஸ் சொல்லி முடித்துவிட்டது. சாந்தாமணி அதை நம்பவில்லை. அதனால்தான் நரசிம்மலுவுக்கு ஆள் அனுப்பினாள்.

"இப்ப எப்பெப்ப வருதுங்க அம்மணி?" என்று கடைசியில் கேட்டார் நரசிம்மலு.

"பொழுதோடங்க, வெளக்கு வெக்கற நேரத்துல. கொழுந்தனாரு காரு வந்து நிக்குமில்லீங்க, அப்ப. அவரு பின்னாலயே இவரும் எறங்கி வர்ற மாதிரி."

"மத்த நேரத்துல?"

"இல்லீங்க. கொழுந்தனாரு வந்தா மட்டுந்தான்."

"தம்பி கார்ல தொத்திக்கிட்டு வர்றாரு போல," என்று சொல்லிவிட்டு அக்பர் அலி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் கோபப்படவில்லை. உதட்டோரம் லேசாக அசைந்தது. "அவரு செஞ்சாலும் செய்வாருங்க. பெட்ரோலு மிச்சமாகுமில்ல? இந்தக் குடும்பத்துல அண்ணன் தம்பி ரெண்டு பேருமே அப்படித்தான். எறக்கத்துல என்ஜினை அணைச்சுப்போட்டு வண்டியை உருட்டிக்கிட்டே வருவாங்க. அவரைக்கூடக் கொஞ்சம் தேவலைன்னு சொல்லலாம். கொழுந்தனாரு ஒரு படி மேலே."

பிறகு அவள் அலமாரியிலிருந்த மருந்து பாட்டிலைக் காட்டினாள். டிஸ்பென்சரி பாட்டில். ஒவ்வொரு வேளைக்கும் எவ்வளவு என்று தெரிய, பக்கவாட்டில் பல்பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒட்டியிருந்தது. மூளைக் கலக்கத்துக்கான மருந்தாம். பாலுசாமி கூட்டிவந்த டாக்டர் கொடுத்தது.

"வாசம் வருதுன்னு அறியாமச் சொல்லிப்போட்டனுங்க. இன்னிக்குப் பொழுதோட ரயில்ல மதராசுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கற ஆஸ்பத்திரிக்கு. ஒறம்பரைக, சொந்தபந்தம் அல்லாரும் சரீன்னுட்டாங்க. அங்க போய்ட்டா அப்புறம் எங் கையெழுத்துக்கு மதிப்பேது? பவுண்டரி முழுக்கக் கொழுந்தனாருதுதான். போகட்டுங்க." அவள் துண்டைப் பார்த்தாள். "வாசம் வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லு, விட்டுடறோம்கறாங்க. அவரு வந்ததைப் பொய்யின்னு சொல்லிப்போட்டு நான் எப்படிங்க இருக்கறது?"

தூறல் நின்று போனது. நரசிம்மலு எழுந்து, கேட்க வேண்டிய இரண்டே கேள்விகளைக் கேட்டார்.

"மலை எறங்கறதுக்கு முன்னாடி அவரு எங்க பெட்ரோல் போடுவாருங்க?"

"சாம்ராஜ்நகர்ல. தொட்டி நெறய ஊத்திக்கிட்டுத்தான் திம்பம் வருவாரு. காட்டுல நின்னுரக்கூடாதுன்னு. ஒருக்காக்கூடத் தப்பினதில்லீங்க."

"உங்க கொழுந்தனார் கார் இப்ப எங்க இருக்குது?"

"அரங்கசாமி பட்டறைல. மைலேஜு கொறைஞ்சு போச்சுன்னு நாலு நாளா அவனோட ஒரே சண்டை."

நரசிம்மலு வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி அப்படியே நின்றார். அக்பர் அலி காத்திருந்து காத்திருந்து, "ஏனுங்க சார், அடுத்த காலை நான் எடுத்து வைக்கட்டுமா?" என்றான்.

*

மோட்டார் சைக்கிளோடு சேர்த்து மாட்டிய சைடுகாரில் உட்கார்ந்துகொண்டு அக்பர் அலி பேசிக்கொண்டே வந்தான்.

"பேயின்னா மல்லிப்பூ வாசம் வரும்னு கேள்விப்பட்டிருக்கறேன். இது புளிச்ச வாசத்தோட வருது. அதுவும் கார் வந்தாத்தான் வருமாம். நடந்து வர்றதுக்குச் சோம்பேறித்தனம் பட்ட பேயிங்க இது."

நரசிம்மலுவின் மனம் திம்பத்தில் இருந்தது. இரண்டு நாளைக்கு முன் அந்தப் பள்ளத்தில் இறங்கிப் பார்த்தார். மேலே மூடுபனி. கீழே ஒருக்களித்துக் கிடந்த கார். பெட்ரோல் தொட்டியில் ஒரு நசுங்கலும் இல்லை, கீறலும் இல்லை. மூடி இறுக்கித் திருகியிருந்தது. திறந்து ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சி உலர்ந்து வந்தது.

"பெட்ரோல் தீந்து உருண்டு வந்திருக்கும்," என்றான் அக்பர் அலி அப்போது. அவருக்கும் அப்போது வேறு பதில் தெரியவில்லை. இப்போது தெரிகிறது, தொட்டி நிறைய ஊற்றிக்கொண்டு வந்த கார் அது. ஒழுகவில்லை. எரியவும் இல்லை. பெட்ரோல் எங்கே போனது?

பட்டறையில் பாலுசாமி போட்ட சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

"கேலனுக்கு முப்பது மைலப்பா! வாங்கின நாள்ல இருந்து ஒரு மைலு கொறைஞ்சதில்லை. பத்து நாளா இருபத்தாறு, இருபத்தேழு. மிச்சத்தை எவன் தின்னான்?"

"நான் தின்னிருந்தா ஏப்பம் வந்திருக்குமுங்க," என்றான் மெக்கானிக் அரங்கசாமி, காரின் பானட்டுக்கு அடியிலிருந்து தலையைத் தூக்காமலே. "கார்ப்பரேட்டரை மூணு தடவை கழட்டி மாட்டியாச்சு. பிளக்கு சுத்தம். காத்தும் சரி. வண்டிகிட்ட ஒரு குத்தமும் இல்லீங்க கவுண்டரே."

"குத்தமில்லாமத்தான் மேட்டுல இருமுதா?"

பாலுசாமி வெள்ளை வேட்டி, முழங்கையில் ஒட்டுப்போட்ட வெள்ளைச் சட்டை. பேசிக்கொண்டே குனிந்து, மண்ணில் கிடந்த பழைய நட்டு ஒன்றை எடுத்து, ஊதிப் பையில் போட்டுக்கொண்டார். அது அவருடையது அல்ல. அரங்கசாமி பார்த்தும் பாராதது போல் இருந்தான். அந்த நட்டு இத்தனை நேரம் யாருக்கும் உபயோகமில்லாமல் கிடந்ததே என்ற வருத்தம்தான் பாலுசாமியின் முகத்தில் தெரிந்தது. கள்ளத்தனம் இல்லை.

"வாங்க நாயுடு. நங்கையா உங்களையும் அலைக்கழிக்கறாங்களா?" என்றார். அண்ணன் மனைவியை நங்கையா என்றுதான் அவர் கூப்பிடுவார். "என்ன செய்யறது, பாவம். இன்னிக்கு ரயில் ஏத்திட்டா ஒரு நிம்மதி."

"உங்களுக்கும் நிம்மதியில்லை போலிருக்குங்களே," என்றார் நரசிம்மலு காரைப் பார்த்து. "பெட்ரோல்ல கலப்படம் இருக்குமோ? எங்க போடறீங்க?"

"அவிநாசி ரோட்டுல ஒரே பங்க்குதானுங்க. வேற எங்கயும் நான் கைநீட்டறதில்லை."

"வெளியூர்ல எங்காச்சும்..."

"வெளியூரா? இந்த மாசம் பூரா என் ஊடு, பவுண்டரி, அண்ணன் ஊடு. இவ்வளவுதான் இந்த வண்டி ஓடினது. அண்ணனைக் கொண்டாரக்கூடப் பவுண்டரி லாரியிலதான் போனேன்."

"அதைத்தான் நானும் சொல்றனுங்க," என்றான் அரங்கசாமி, தன் மேல் பழி போகாத சந்தோஷத்தில். "தொட்டியில இன்னும் ஒரு கேலன் இருந்தா அதிசயம். காலி பண்ணிப்போட்டுப் புதுசா ஊத்திப் பாருங்க."

"இருக்கறது ஓடித் தீரட்டும். கீழே கொட்டச் சொல்றயா?"

கார்ப்பரேட்டரிலிருந்து வடித்த கொஞ்சம் பெட்ரோல் ஒரு தகர மூடியில் இருந்தது. நரசிம்மலு விரலை நனைத்து மூக்கருகே கொண்டு போனார். விரல் குளிர்ந்தது. பாலுசாமி இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வராமல் திரும்பிக்கொண்டார். சுவரில் இருந்த பல்லியைக்கூட அக்பர் அலி பார்த்து முடித்துவிட்டான்.

பட்டறைக்கு வெளியே வந்ததும் நரசிம்மலு கேட்டார். "அலி, உங்க மாமா மைசூர் ரூட்டுல லாரி ஓட்டினாரில்ல? அந்தப் பக்கத்துப் பெட்ரோலைப் பத்தி என்ன சொல்வாரு?"

"அதை ஏன் கேக்கறீங்க! அங்க கரும்பாலைல வடிக்கற சாராயத்தைப் பெட்ரோல்ல கலந்து விக்கறாங்கல்ல, சர்க்கார் உத்தரவுல. நம்ம சீமையில மனுசனுக்கே மதுவிலக்கு. அங்க லாரிக்கு ஊத்திக் குடுக்கறாங்க. சாராயத்துக்குச் சூடு கம்மியாம், அதனால அதே தூரத்துக்குக் கூடுதலா எரியும்பாரு மாமா. மேடு வந்தா வண்டி ரெண்டு இருமல் இருமும். கேலனுக்கு மூணு நாலு மைல் அடிபடும். பொகை வேற புளிச்ச கள்ளு மாதிரி..."

சிரித்துக்கொண்டே சொன்னவன் அப்படியே நிறுத்தினான். சிரிப்பு முகத்தில் மாட்டிக்கொண்டு, இறங்க இடமில்லாமல் நின்றது.

"சார்," என்றான் மெதுவாக. "அப்ப அந்தம்மாவுக்குப் பைத்தியமில்லை."

"இல்லை. ஆனா அதைச் சொல்ற பெட்ரோல் ஒரு கேலன்தான் பாக்கி. ரயிலுக்குப் போற வழியில அவிநாசி ரோட்டுல புதுசா ஊத்திட்டா, அதுவும் கலந்து போயிரும்."

"இவன் மைசூருக்குப் போயிட்டு வந்து போகலைங்கறான்!"

நரசிம்மலு மோட்டார் சைக்கிளை உதைத்தார். "அவன் எல்லையைத் தாண்டினான்னு நான் நினைக்கலை, அலி," என்று மட்டும் சொன்னார்.

*

சாயங்காலம் காரை வாசலுக்குக் கொண்டுவந்தார் பாலுசாமி. அவரே ஓட்டுவார். டிரைவர் வைத்துக்கொண்டால் சம்பளம் கேட்பான். முன்னறையில் உறவினர் இரண்டு பேர் வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களோடு, நரசிம்மலு வரச்சொல்லியிருந்த சப்-இன்ஸ்பெக்டர், வேட்டி சட்டையில்.

சாந்தாமணி ஒரு சிறிய டிரங்குப் பெட்டியோடு கதவருகே நின்றாள். என்ஜின் இரண்டுமுறை இருமி அணைந்தது. நனைந்த காற்றில் புகை தாழ்வாக வந்து படிக்கட்டில் ஏறியது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "வந்துட்டாருங்க," என்றாள்.

உறவினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாத்தீங்களா?" என்றார் பாலுசாமி, வருத்தமான குரலில்.

"எனக்கும் வருதுங்க," என்றான் அக்பர் அலி. "என்னையும் சேத்து ரயில் ஏத்திருங்க. மதராஸ் பாத்ததில்லை."

நரசிம்மலு சாந்தாமணியின் மருந்தைத் தோட்டத்தில் கொட்டினார். பாட்டிலைக் கழுவி, காகிதப் பட்டையின் இரண்டாவது பல் வரைக்கும் தண்ணீர் ஊற்றினார். அதேபோல் ஒரு பாட்டிலை டிஸ்பென்சரியில் கேட்டு வாங்கி வைத்திருந்தார். அதிலும் அதே அளவு தண்ணீர். பிறகு தன் மோட்டார் சைக்கிளிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை வடித்து அந்தப் பாட்டிலில் ஆறாவது பல் வரை ஊற்றினார்.

"இது நம்ம ஊர்ப் பெட்ரோல்," என்று சொல்லி, மூடிக் குலுக்கிப் படிமேல் வைத்தார். எல்லோரும் பார்த்தார்கள். தண்ணீர் அடியில் இறங்கி, பெட்ரோல் மேலே நின்றது. இரண்டும் சந்திக்கிற கோடு பழையபடி இரண்டாவது பல்லிலேயே.

"இது உங்க வண்டியில இருந்து. அலி, டியூபைப் போடு."

"எதுக்குங்க? ரயிலுக்கு நேரமாச்சு," என்றார் பாலுசாமி.

"ஒரு வாய் பெட்ரோல்தானுங்க. குடுக்க மாட்டீங்களா?"

அலி ரப்பர் குழாயைத் தொட்டிக்குள் விட்டு உறிஞ்சி, துப்பி, மருந்து பாட்டிலில் ஆறாவது பல் வரை ஊற்றினான். நரசிம்மலு குலுக்கி வைத்தார். உள்ளே வெண்மையாகக் கலங்கியது. மெதுவாகத் தெளிந்தது. கோடு ஏறிக்கொண்டே வந்து, மூன்றாவது பல்லைத் தொட்டுவிடும் போல நின்றது.

"தண்ணி எப்படிங்க பெருகும்?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"பெருகலீங்க. பெட்ரோல்ல ஒளிஞ்சிருந்த சாராயம் தண்ணிகிட்டப் போயிருச்சு. மைசூர்ச் சீமையில கலந்து விக்கற பெட்ரோல் இது. உங்க மைலேஜைத் தின்னது இதுதான் கவுண்டரே. அம்மணிக்கு வந்த வாசமும் இதுதான்."

நரசிம்மலு மௌனத்தை நீளவிட்டார்.

பாலுசாமிதான் முதலில் தாங்காமல் வாயைத் திறந்தார். "சரீங்க. ஒருநாள் சாம்ராஜ்நகர் போனேன். ஒரு வேலையா. மறந்துபோச்சு. அதுல என்ன தப்பு?"

"சாம்ராஜ்நகர்ல ஒரே ஒரு பங்க்குதானுங்க. நானும் போயிருக்கறேன். அங்க பெட்ரோல்ல என்ன கலக்கறாங்கன்னு போர்டுல கொட்டை எழுத்துல எழுதியிருக்கும். அதைப் படிச்சவரு மைலேஜ் கொறைஞ்சதுன்னு அரங்கசாமியோட நாலு நாள் சண்டை போட்டிருக்க மாட்டாரு. நீங்க அந்தப் பெட்ரோலை ஒரு பங்க்குலயும் வாங்கலை."

பாலுசாமியின் கை சட்டைப் பைக்குள் போனது. உள்ளே அந்த நட்டு எதிலோ மோதும் சத்தம் கேட்டது.

"உங்க அண்ணன் தொட்டி நிறைய ஊத்திக்கிட்டு வந்தாரு. பள்ளத்துல கெடந்த காரோட தொட்டி முழுசா இருந்தது. உள்ளே சொட்டுக்கூட இல்லை. மூடி இறுக்கித் திருகியிருந்தது. விழுந்த காருக்கு யாருங்க மூடி போடுவாங்க? விழறதுக்கு முன்னாடி போட்டதுங்க அது."

சாந்தாமணி டிரங்குப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"எல்லைக்கு இந்தப் பக்கமே, திம்பத்துல காத்திருந்தீங்க. வண்டியை நிறுத்தச் சொன்னீங்க. தம்பியாச்சேன்னு நிறுத்தினாரு. அப்புறம் நடந்ததை நீங்கதான் சொல்லணும். ஆனா ஒண்ணு எனக்குத் தெரியும். அவரு முன்சீட்டுல செத்துக் கெடந்தப்ப, நீங்க வண்டிக்குப் பின்னாடி கீழே உக்காந்து அவரு தொட்டியில இருந்து உங்க தொட்டிக்குக் குழாய் போட்டீங்க. தொட்டி வடிய எவ்வளவு நேரமாகும்னு அலியைக் கேட்டாத் தெரியும். அவ்வளவு நேரமும் அந்த மூடுபனியில, அவரோட இருந்தீங்க. வடிஞ்சதும் பழக்கத்துல மூடியைத் திருகினீங்க. அப்புறந்தான் தள்ளினீங்க."

உறவினரில் ஒருவர் எழுந்து, பாலுசாமியின் பக்கத்திலிருந்து விலகிப்போய் நின்றார்.

பாலுசாமி மறுக்கப் போகிறார் என்றே அக்பர் அலி நினைத்தான். ஆனால் அவர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பயத்தைவிடத் தவிப்பு அதிகமாக இருந்தது, ஏதோ நியாயம் சொல்லிப் புரியவைத்துவிடலாம் என்பது போல.

"தொட்டி நெறய இருந்ததுங்க," என்றார். "வீணாப் போயிருமேன்னு தோணுச்சு."

சப்-இன்ஸ்பெக்டர் அவர் தோளில் கைவைத்தார்.

*

எல்லோரும் போன பின்பு, சாந்தாமணி படியில் உட்கார்ந்திருந்தாள். கார் அங்கேயே நின்றது. புகை கலைந்துவிட்டது. துப்பறிய வேண்டியது ஒன்றும் பாக்கியில்லை. ஆனாலும் நரசிம்மலு கிளம்பவில்லை.

"ஏனுங்க," என்றாள் அவள். "அப்ப இத்தனை நாளும் வந்தது அவரில்லீங்களா?"

பைத்தியமில்லை என்று நிரூபித்துவிட்டு, அதற்கு ஈடாக அவளிடமிருந்து என்ன வாங்கிக்கொண்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவரு சாம்ராஜ்நகர்ல ஊத்தின பெட்ரோலுங்க, அம்மணி," என்றார். "ஊடு வந்து சேரணும்னு ஊத்தினது."

அவள் அதை மனதுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மருந்து பாட்டிலைக் கையில் எடுத்தாள். கோர்ட்டுக்குப் போக வேண்டிய சாட்சி அது, தொடக்கூடாது என்று சொல்ல வாயெடுத்த அக்பர் அலியை நரசிம்மலு கண்ணால் நிறுத்தினார்.

மூடியைத் திறந்து முகத்தருகே கொண்டு போனாள். ஒரு மூச்சுத்தான். உடனே மூடிவிட்டாள். காற்றில் போய்விடக் கூடாது என்று, இரண்டு கையாலும் இறுக்கித் திருகினாள்.